உப்புக் காற்றும் மூன்று கோட்டும்

வீட்டுக்குள் இருக்கிற மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவனுக்குத் தூசி ஒன்றுதான் எதிரி. வெளியே நிற்கிற மரத்துக்குப் பூச்சு அடிக்கிறவனுக்குச் சூரியனே எதிரி.

பதினைந்து வருடம் முதல் வேலையைச் செய்துவிட்டு 2004இல் இரண்டாவது வேலைக்கு மாறியவன் நான். மரக்காணத்திலிருந்து ஆரோவில் பக்கம் வரைக்கும் ரோட்டோரம் புது வீடும் கெஸ்ட் ஹவுஸும் எழும்பிக்கொண்டிருந்த நேரம். எல்லோருக்கும் வாசலில் தேக்கு வேண்டும், மாடியில் மரக் கைப்பிடி வேண்டும், அது பத்து வருடம் புதுசாகவே இருக்க வேண்டும். பூச்சு வேலையோ பெயிண்ட் வேலையோ செய்து, முடித்துவிட்டு வந்த வீட்டுப் பக்கம் போக வேண்டியிருந்தால் அடுத்த தெருவழியாகச் சுற்றிப் போகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால், இதைப் படிக்கையில் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கண்ணாடி மாதிரி ஒரு கதவு

முதல் வேலை, உப்பள முதலாளி கோவிந்தராஜ் வீட்டு வாசல் கதவு. கடலுக்குப் போகிற ரோட்டில் கிழக்கு பார்த்த வீடு. நல்ல பர்மா தேக்கு. அதற்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு வீட்டுப் பூஜை அறைக் கதவுக்கு நான் போட்ட பாலிஷைப் பார்த்து, அதே மாதிரி வேண்டும் என்றார். அதே மாதிரியே போட்டேன். பங்குனி மாதம். முடித்த அன்று கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவரும் வாரிக் காட்டினார்.

ஆடி பிறப்பதற்குள் ஆள் அனுப்பிவிட்டார். போய்ப் பார்த்தால், கதவின் கீழ்ப்பாதி முழுக்க மேல்தோல் எழும்பி நிற்கிறது. நகத்தால் தொட்டால் கையோடு வருகிறது. அடியில் மரம் வெளுத்துப் போயிருந்தது. புதுச்சேரிப் பெயிண்ட் கடைக்காரர் ஒருவர்தான் பிறகு விவரம் சொன்னார். வீட்டுக்குள் போடுகிற பூச்சு கண்ணாடி மாதிரி. வெயில் அதன்வழியாக உள்ளே போய் மரத்தின் மேல்பரப்பை அரித்துவிடும். பிடித்துக்கொள்ள மரம் இல்லாதபோது பூச்சு எதைப் பிடிக்கும்? வெயிலைத் தடுக்கிற யூவி பூச்சு என்று தனியாக இருக்கிறது, அதில் கொஞ்சம் மரக் கலரும் சேர்த்து மூன்று கோட்டு அடிக்க வேண்டும் என்றார். இதெல்லாம் எனக்குப் பங்குனியில் தெரியாது. கோவிந்தராஜ் கோபப்படவில்லை. உரிந்து விழுந்ததில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பாம்புகூட சட்டையை ஒரே தடவையா கழட்டிட்டுப் போயிடும் மேஸ்திரி. என் கதவு தெனம் கொஞ்சமா கழட்டுது.”

எஸ்தர் சோதனை

அந்தக் கதவை என் செலவில் திரும்பச் செய்வதாக ஒப்புக்கொண்டேன். புரட்டாசியில் உப்பளத்தில் வேலை குறைந்துவிடும் என்பதால் ஆள் கிடைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க எஸ்தர் வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். உப்பளத்து ஓரத்தில்தான் குடிசை. புருஷன் வலை வேலைக்குப் போகிறவர். பத்து வருடமாக உப்பு வாரிய கை என்பதால், நான் இரண்டு நாள் தேய்க்கிறதை அவள் ஒரே நாளில் தேய்த்துவிடுவாள்.

தேய்த்து முடித்ததும் நான் பிரஷை எடுத்தேன். “இருங்கண்ணா” என்றாள். ஈர விரலால் மரத்தின் வெடிப்பில் ஒரு தேய் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள். “கரிக்குது. இது மேல அடிச்சா நிக்காது.” கடல் காற்று ஆறு மாதமாக உப்பைக் கொண்டுவந்து அந்த வெடிப்புகளில் அடைத்து வைத்திருந்தது. நல்ல தண்ணீர் விட்டுத் துணியால் கழுவினோம். இரண்டு நாள் காயவிட்டோம். மறுபடி நாக்கு. மறுபடி கரிப்பு. மூன்றாம் முறை கழுவிய பிறகுதான் அவள் தலையாட்டினாள். அதன் பிறகு அவள் ருசி பார்க்காமல் எந்த மரத்துக்கும் நான் முதல் கோட்டு அடித்ததில்லை. பெயிண்ட் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அதற்கு மிஷின் இருக்கிறது என்றார். அந்த மிஷினை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை அவள் விரலை நாக்கில் வைத்தபோது கோவிந்தராஜ் உள்ளே இருந்து வந்துவிட்டார். எஸ்தரை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய உப்பளத்து ஆள்தான். வாசற்படியில் நின்று என்னிடம் சொன்னார்.

“பாத்தி பாத்தியா எனக்கு உப்பு வாரிக் குடுத்தது பத்தலைன்னு, இப்ப கதவுலேர்ந்தும் வார்றா பாருங்க.”

கதவுக்குக் கீழே

மரத்தின் முகத்தில் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறுவது அடிப்பக்கத்திலிருந்துதான். பலகையை அறுத்த வெட்டு முனை பஞ்சு மாதிரி உறிஞ்சும். அதனால் கதவைக் கழற்றி, அடிப்பக்கத்துக்கும் பூச்சு கொடுத்து மாட்டுவது முறை. ஆனால் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில், கழற்ற வேண்டும் என்று சொன்னதுமே அந்த வீட்டம்மா மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை. வாசல் கதவு இல்லாத வீட்டில் லட்சுமி தங்க மாட்டாளாம். சனிக்கிழமை வருகிறேன் என்றேன். சனிக்கிழமை அதைவிட மோசம் என்றார்.

கடைசியில் பழைய மிதியடியிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, பூச்சில் நனைத்து, கதவுக்குக் கீழே நுழைத்தேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எஸ்தர். இருவரும் தரையில் படுத்தபடி ரம்பம் இழுக்கிற மாதிரி மாற்றி மாற்றி இழுத்தோம். வீட்டம்மா பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாரு சாந்தி, மேஸ்திரி கதவுக்குக் கீழ்ப்பல்லு தேய்ச்சு விடறாரு.”

மூன்று பலகை

இடையஞ்சாவடியைத் தாண்டி ஆரோவில் பக்கம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா இருந்தார். இருபது வருடமாக இங்கேயே இருப்பவர்; தமிழ் நம்மைவிட நிதானமாகப் பேசுவார். வீட்டைச் சுற்றி மரத்தளம் போட்டிருந்தார். பூச்சு அடித்ததே தெரியக்கூடாது, மரம் மரமாகவே தெரிய வேண்டும் என்றார். கலர் இல்லாத பூச்சு வெயிலில் சீக்கிரம் போய்விடும், கொஞ்சம் பழுப்பு சேர்த்தால் இரண்டு மடங்கு நாள் நிற்கும் என்று நான் சொன்னேன். அப்போதுதான் கற்றுக்கொண்ட விஷயம் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வைத்துப் பார்ப்போமே என்றார்.

மொட்டை மாடியில் தெற்கு பார்த்து மூன்று பலகைகளைச் சாய்த்து வைத்தேன். ஒன்றில் கலர் இல்லாத பூச்சு. ஒன்றில் பழுப்பு சேர்த்த பூச்சு. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் அடிக்காவிட்டால் மரம் என்ன கதியாகும் என்று அவர் பார்க்கட்டும் என்பதற்காக. ஆகஸ்டில் வைத்தது. நவம்பர் கடைசியில் மழை விட்ட ஒரு நாள் போனேன். நான் சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது. முதல் பலகையில் ஓரம் எழும்பியிருந்தது. இரண்டாவது அப்படியே இருந்தது. மூன்றாவது வெளுத்து, வெள்ளியும் சாம்பலும் கலந்த மாதிரி ஆகியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் மூன்றையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உண்மையான மரியாதையோடு சொன்னார்.

“மேஸ்திரி, நீங்க அடிக்காம விட்ட பலகைதான் ரொம்ப அழகா இருக்குதுங்க. எல்லாத்தையும் அப்படியே விட்டுடலாம்.”

கேரண்டி

அந்த டிசம்பரில் கடலைப் பார்த்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. பத்து தூண் போட்ட மரப்பந்தலும், மணலில் இறங்குகிற படிக்கு மரக் கைப்பிடியும். சென்னையிலிருந்து வந்திருந்த மேனேஜர் சதீஷ் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிற ஆள். வெயில், மழை, உப்புக் காற்று மூன்றுக்கும் சேர்த்து இரண்டு வருடம் கேரண்டி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் கும்பலுக்கு முன்னால் கடைசிக் கோட்டு அடித்து முடித்தாயிற்று. எஸ்தர் பண்டிகைக்கு லீவு கேட்டுப் போனாள்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தபோது நான் மேற்கே எங்கள் ஊரில், வீட்டில் இருந்தேன். எஸ்தரும் புருஷனும் பிள்ளைகளும் சர்ச்சில் இருந்தார்கள். அவள் புருஷனின் தம்பி மட்டும் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கிடைத்தான். குடிசை இருந்த இடத்தில் சேறு இருந்தது. உப்பளப் பாத்திகள் எது எங்கே என்று தெரியாமல் மண் மூடிவிட்டது. நான் அவளைப் பார்க்கப் போனபோது பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாள். வேலை எப்போது ஆரம்பம் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு வாரம் கழித்துப் போனேன். ஆட்கள் எல்லோரும் மாடிக்கு ஓடித் தப்பியிருந்தார்கள். பந்தல் இல்லை, படி இல்லை. சதீஷ் என்னை வேலிகாத்தான் புதருக்குள் அழைத்துப் போனார். அரை கிலோமீட்டர் உள்ளே, முள்ளில் சிக்கி எங்கள் பந்தலின் ஒரு தூண் கிடந்தது. அவர் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கேரண்டிப் பேப்பர் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

“பூச்சுக்கு ஒண்ணும் ஆகலைங்க மேஸ்திரி. பூச்சு அடிச்ச இடம்தான் இல்ல.”

எது யார் வீடு

அடுத்த வருடம் குடிசை இழந்தவர்களுக்கு வீடு கட்டினார்கள். வெளிநாட்டு உதவிப் பணம். நாற்பத்தெட்டு வீடு, நாலு வரிசை. வரைபடம் போட்டவர் வாசல் கதவும் ஜன்னலும் மரத்தில் இருக்க வேண்டும், யூவி பூச்சு மூன்று கோட்டு என்று எழுதி வைத்திருந்தார். கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்த பாஸ்கர் பூச்சு வேலையை எனக்குக் கொடுத்தார். கொடுத்த அன்றே ஓரமாகக் கூப்பிட்டு, ரெண்டு கோட்டு போதும், மூணாவது கோட்டு யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்றார். அவர் சொன்னது உண்மை. அடித்த அன்றைக்கு இரண்டும் மூன்றும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். வித்தியாசம் தெரிய இரண்டு கோடை போக வேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். நீங்களும் ஒரு தடவையாவது ஒத்துக்கொண்டிருப்பீர்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எஸ்தரிடம் ரெண்டு கோட்டு என்று மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் டின் கணக்கு இடிக்கிறது. முதல் வரிசை முடிவதற்குள், ஒன்றரை வரிசைக்கான சரக்கு தீர்ந்திருந்தது. யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் போடாமல் திரும்பி வந்தேன். எஸ்தர் தனியாக நின்று, முந்தின நாள் முடித்த கதவுகளுக்கு இன்னொரு கோட்டு அடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் ஜன்னலில் இருந்தது.

அந்த நாற்பத்தெட்டில் ஒரு வீடு அவளுக்கு என்று எனக்குத் தெரியும். லிஸ்டில் பெயர் இருந்தது. யாருக்கு எந்த வீடு என்பதைக் கடைசியில் குலுக்கிப் போட்டுத்தான் சொல்லப்போகிறார்கள். “என்னம்மா இது, ரெண்டுன்னுதானே சொன்னேன்” என்றேன். அவள் பிரஷை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

“எது என் வூடுன்னு தெரிஞ்சா அது ஒண்ணுக்கு மட்டும் அடிச்சிருப்பேண்ணா. தெரியலையே.”

கையெழுத்து

அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது, பாஸ்கர் தயவில்தான் அடுத்த வேலை என்று என்னென்னவோ தயாராக வைத்திருந்தேன். மறுநாள் பாஸ்கரிடம் போய், மூன்றாவது கோட்டுக்குச் சரக்கு வேண்டும் என்று கேட்டேன். பேசினது பேசினதுதானே என்றார். பேசினது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டேன். இந்த வெயிலுக்கு ரெண்டு நிக்காது சார் என்றேன். நிக்கலைன்னா அப்போ பார்க்கலாம் என்றார்.

வேலை முடிந்ததும் உதவிப் பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு பேப்பர் போக வேண்டும். பூச்சு வேலை வரைபடத்தில் எழுதியபடி நடந்தது என்று அடித்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பேப்பரில் ‘இரண்டு கோட்டு’ என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன். பாஸ்கர் போனை எடுத்து, யாரையும் கூப்பிடாமல் மறுபடி பையில் போட்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர். அவருக்கு மேலே அவரைப் போலவே நாலு பேர் இருந்தார்கள்.

“டின்னு நாளைக்கு வந்துடும் மேஸ்திரி. இனிமே நம்ம சைட்டு எதுலயும் உங்களுக்கு வேலை கிடையாது.”

குலுக்கல்

டின் வந்தது. நாற்பத்தெட்டுக்கும் மூன்று கோட்டு அடித்தோம். 2006இல் ஒருநாள் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பிளாஸ்டிக் குடத்தில் சீட்டு போட்டுக் குலுக்கினார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய்ப் பின்னால் நின்றேன். எஸ்தர் சின்ன மகளைச் சீட்டு எடுக்கச் சொன்னாள். கடைசி வரிசை, கோடி வீடு.

கூட்டம் கலைந்த பிறகு அவளோடு போய்ப் பார்த்தேன். வடக்கு பார்த்த வாசல். எதிரே ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டுச் சுவர். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. அந்தக் கதவில் காலையிலும் வெயில் படாது, மாலையிலும் படாது. கடல் காற்றைக்கூட முன் மூன்று வரிசை வீடுகளும் தடுத்துவிடும். ஒரு கோட்டு அடித்திருந்தாலே ஏழெட்டு வருடம் நின்றிருக்கும். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் வரிசையில் காலை முழுக்க வெயில் நேராக அடிக்கிற வீடு, அங்கே வேலை நடந்த நாற்பது நாளும் எஸ்தரோடு தண்ணீர்க் குழாயில் சண்டை போட்ட ஒருத்திக்கு விழுந்திருந்தது.

எஸ்தர் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். கீல் சத்தம் போடவில்லை. அவள் புருஷன் உள்ளே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இறந்த தம்பியின் போட்டோவை எந்தச் சுவரில் மாட்டுவது என்று அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். வாய் சும்மா இருக்காமல் நான் கேட்டேன். “இந்தக் கதவுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டை விட்டியேம்மா. இதுக்கு மூணு கோட்டு வேண்டியதே இல்ல. அதெல்லாம் அங்க அவ கதவுக்குத்தான் போயிருக்குது.” அவள் முதல் வரிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தாழ்ப்பாளைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“போகட்டும்ணா. சண்டை அவகூடதான். அவ கதவுகூட இல்லையே.”

வெயிலில் நிற்கிற மரத்துக்கு இரண்டு வருடம் பூச்சு அடித்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: நிற்காத பூச்சைக் காட்டத்தான் ஆள் அனுப்புகிறார்களே தவிர, நின்ற பூச்சைக் காட்ட இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.